கல்விக் கடன் வசூல்: வங்கிக்கு 3 வருஷம், உங்களுக்கு எவ்வளவு நாள்?

கல்விக் கடன் பற்றி நம்ம சேனல்ல எப்போ வீடியோ போட்டாலும் ரெண்டு கேள்வி கண்டிப்பா வரும். ஒண்ணு: "மூணு வருஷம் கட்டாம விட்டா எஜுகேஷன் லோன் தானா கேன்சல் ஆயிடுமாமே, உண்மையா?" இன்னொண்ணு: "வசூல் ஏஜென்ட் ஆபீஸுக்கே போன் போட்டு அசிங்கப்படுத்துறாங்க, கேஸ் போட முடியுமா?"

வேற வேற கேள்வி மாதிரி தெரிந்தாலும் ரெண்டுமே காலக்கெடு சம்பந்தப்பட்டவை. உங்க மேல வழக்குப் போட வங்கிக்கு ஒரு கெடு இருக்கு. வங்கியோ ஏஜென்ட்டோ எல்லை மீறினா அவங்க மேல நடவடிக்கை எடுக்க உங்களுக்கும் ஒரு கெடு இருக்கு. நம்ம ஆளுங்க பெரும்பாலும் வங்கியோட கெடுவை மட்டும் எண்ணிக்கிட்டு இருப்பாங்க. தங்களோட கெடு முடிஞ்சு போனதே தெரியாது.

இந்தப் பதிவுல ரெண்டையும் பார்த்துடுவோம். கொஞ்சம் நீளம்தான். ஆனா கடன் பாக்கி இருக்கிறவங்களும், அப்பா அம்மா கோ-பாரோயரா கையெழுத்துப் போட்டிருக்கிறவங்களும் முழுசா படிங்க.

வங்கியின் கெடு: 3 வருஷம் எங்கிருந்து வந்தது?

காலவரையறைச் சட்டம், 1963. வக்கீல்கள் லிமிடேஷன் ஆக்ட் என்று சொல்வது இதைத்தான். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு சிவில் கோர்ட்டில் வழக்குப் போட இந்தச் சட்டம் பொதுவாக 3 வருஷம் தருகிறது. அந்தக் காலம் தாண்டி வந்த வழக்கை, எதிர்த்தரப்பு அந்த வாதத்தை எழுப்பவில்லை என்றாலும் கோர்ட் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று பிரிவு 3 சொல்கிறது. "கொஞ்சம் லேட் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க" என்று கேட்கும் வசதி மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் உண்டு. அசல் வழக்குக்குக் கிடையாது.

ஆனா வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்து வாங்கிய கடன் என்றால் கதை வேறு. அடமானச் சொத்தின் மூலம் வசூலிக்க 12 வருஷம் இருக்கிறது. 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. அதற்கு மேல் பெரிய தொகை, குறிப்பா வெளிநாட்டுப் படிப்புக்கு வாங்கியது என்றால், உங்க சாங்ஷன் லெட்டரை எடுத்துப் பாருங்க. சொத்துப் பத்திரம் வங்கியில் இருந்தா "3 வருஷம்" என்ற பேச்சை அத்தோடு மறந்துடுங்க.

20 லட்சமும் அதற்கு மேலும் பாக்கி இருந்தால் வங்கி சிவில் கோர்ட்டுக்குப் போகாது, கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகும். நம்ம மாநிலத்தில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. அங்கேயும் இதே காலவரையறைச் சட்டம்தான்.

எந்த நாளிலிருந்து எண்ணணும்?

இங்கேதான் நிறைய பேர் தப்புக் கணக்குப் போடுறாங்க. கடன் வாங்கிய நாளிலிருந்து எண்ண முடியாது. கல்விக் கடனில் படிக்கும் காலமும், அது முடிந்து வழக்கமாக ஒரு வருஷமும் தவணை கிடையாது. கட்ட வேண்டிய நாளே வராதபோது கெடு எப்படி ஓடும்?

தவணை ஆரம்பித்த பிறகு, கட்டாமல் விட்ட ஒவ்வொரு இஎம்ஐக்கும் அதனதன் தேதியிலிருந்து கணக்கு ஓடும். "ஒரு தவணை தவறினாலும் முழுத் தொகையும் உடனே கட்ட வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். வங்கி அதைப் பயன்படுத்தி முழுத் தொகையையும் கேட்டு ரீகால் நோட்டீஸ் அனுப்பினால், மொத்த பாக்கிக்கும் கணக்கு சேர்ந்து ஓட ஆரம்பிக்கும். அதனால லோன் ஒப்பந்தமும் ரீகால் நோட்டீஸும் உங்க கையில் இருக்க வேண்டிய முதல் ரெண்டு காகிதங்கள்.

இன்னொரு விஷயம். 90 நாள் கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகும், அதாவது என்பிஏ. அது வங்கியின் புத்தகக் கணக்கு. என்பிஏ தேதியும் லிமிடேஷன் தேதியும் ஒன்று என்று நினைச்சுக்காதீங்க.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கார்த்திக் என்று ஒருத்தர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2017-ல் இன்ஜினியரிங் முடித்தார். 2018-ல் தவணை ஆரம்பித்தது. சில மாதம் கட்டினார், வேலை போனது, நின்றுவிட்டது. 2019 அக்டோபர் 10-ஆம் தேதி முழுத் தொகையும் கேட்டு நோட்டீஸ். அன்றிலிருந்துதான் கணக்கு என்று வைத்துக்கொண்டால், 3 வருஷம் 2022 அக்டோபர் 10-ல் முடிய வேண்டும். சரியா?

இல்லை. நடுவில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் காலவரையறைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அது மொத்தம் 716 நாள். 2022 அக்டோபர் 10-உடன் 716 நாளைக் கூட்டினால் 2024 செப்டம்பர் 25. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் தள்ளிப் போகிறது!

2022 அக்டோபரிலேயே "அப்பாடா, முடிஞ்சது" என்று நிம்மதியா இருந்த கார்த்திக்குக்கு 2024 ஜூலையில் சம்மன் வந்தால், அது செல்லுபடியாகும் வழக்கு. உங்க பாக்கியும் 2022-க்கு முன்பு ஆரம்பித்தது என்றால் இந்த 716 நாளைச் சேர்க்க மறக்காதீங்க.

கணக்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கும் மூன்று விஷயங்கள்

மூணு வருஷம் நேர்கோட்டில் ஓடி முடிவது அபூர்வம். நடுவில் நீங்களே அதைத் திரும்ப ஆரம்பித்து வைத்துவிட முடியும், அதுவும் தெரியாமலே.

*1. எழுத்தில் கடனை ஒப்புக்கொள்வது.* கெடு முடிவதற்குள் "ஆமா, இந்தக் கடன் பாக்கி இருக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதுசா 3 வருஷம். இது பிரிவு 18. வங்கியில் இதற்கு பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் என்பார்கள், ரிவைவல் லெட்டர் என்பார்கள். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார், கணக்கைச் சரிபார்க்க" என்று பிராஞ்சில் நீட்டுவார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை அப்பாவைக் கூப்பிட்டு கையெழுத்து வாங்குவதன் காரணம் இதுதான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. "என்னால கட்ட முடியாது" என்று நீங்கள் எழுதினாலும் அது ஒப்புதல்தான். கட்ட மறுத்தாலும், கடன் இருப்பதை ஒப்புக்கொண்டால் போதும் என்று சட்டமே சொல்கிறது. கோபத்தில் வங்கிக்கு இமெயில் தட்டுகிறவர்கள் கவனிங்க. இமெயிலை எழுத்து மூல ஒப்புதலாகக் கோர்ட்கள் ஏற்றுக்கொண்டதுண்டு.

*2. ஒரு பகுதியைக் கட்டுவது.* "சார், ஐந்நூறு ரூபாயாவது போடுங்க, மேலிடத்துல காட்டணும்" என்று ஏஜென்ட் கெஞ்சுவதைக் கேட்டிருப்பீங்க. கெடு முடிவதற்குள் ஒரு சின்னத் தொகை கட்டி, அதற்கு உங்கள் கையெழுத்துள்ள ஆதாரம் இருந்தால், பிரிவு 19-ன்படி அந்த நாளிலிருந்து புதுசா 3 வருஷம். பணம் கட்டும் சலானில் போடும் கையெழுத்தும், செக்கில் போடும் கையெழுத்தும் இதில் வரும்.

*3. கெடு முடிந்த பிறகு கொடுக்கும் வாக்குறுதி.* முதல் ரெண்டும் கெடுவுக்குள் நடந்தால்தான் வேலை செய்யும். கெடு முடிந்த பிறகு வெறும் ஒப்புதல் கடனை உயிர்ப்பிக்காது. ஆனா "இந்தக் கடனைக் கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் பிரிவு 25(3)-ன்படி ஒரு புது ஒப்பந்தம். செத்த கடன் எழுந்து உட்கார்ந்துவிடும். ஒன் டைம் செட்டில்மென்ட் விண்ணப்பம், முன்தேதியிட்ட செக் எல்லாம் இந்த இடத்தில்தான் சிக்கல். செட்டில்மென்ட் தொகையைக் கட்ட முடியாமல் போனால், கையில் இருந்த வாதமும் போய், பழைய கடனும் திரும்ப வந்துவிடும்.

அப்படின்னா கையெழுத்தே போடக் கூடாதா? அப்படிச் சொல்ல வரலை. கட்ட முடிவு செய்துவிட்டால், தவணையை மாற்றி அமைக்கக் கையெழுத்துப் போடுவது நல்ல விஷயம். அது என்ன செய்யும் என்று தெரிந்து போடுங்க. அவ்வளவுதான்.

அப்பா போட்ட கையெழுத்து உங்களைக் கட்டுமா?

கல்விக் கடனில் பெற்றோர் கோ-பாரோயராக இருப்பார்கள். பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், வங்கி ஊரில் இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறது. இது தினம் நடப்பது.

சேர்ந்து கடன் வாங்கியவர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டார் அல்லது பணம் கட்டினார் என்ற ஒரே காரணத்தால் மற்றவர் பொறுப்பாக மாட்டார். இது பிரிவு 20. அதாவது அப்பா கையெழுத்துப் போட்டால் புது 3 வருஷம் அப்பாவுக்கு ஓடும், உங்களுக்கு அதனால் மட்டும் ஓடாது. உங்கள் சார்பில் செய்ய அவருக்கு அதிகாரம் கொடுத்திருந்தால் வேறு.

கேட்க நல்லா இருக்கு, இல்லையா? கொஞ்சம் யோசிங்க. நீங்க தப்பித்து, ரிட்டயர் ஆன அப்பா தனியாக மாட்டுவது என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம். உங்களுக்குப் படிப்பு, அவருக்கு சம்மன். அதனால இன்னைக்கே வீட்டுக்கு ஒரு போன் போடுங்க: "வங்கியிலிருந்து எந்தப் பேப்பர் வந்தாலும், எனக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கப்பா."

3 வருஷம் தாண்டினா என்ன ஆகும், என்ன ஆகாது?

வங்கி வழக்குப் போட்டு வசூலிக்கும் வழி அடைபடும். கடன் அழியாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும்.

- அதே வங்கியில் நீங்கள் போடும் பணத்தை வங்கி பழைய பாக்கியில் வரவு வைக்க வழி இருக்கிறது. எந்தக் கடனுக்கு என்று நீங்கள் குறிப்பிடாமல் கட்டினால், காலம் கடந்த கடனுக்கும் அதை வரவு வைக்கலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 60 சொல்கிறது. கடன் பாக்கி வைத்த வங்கியிலேயே சம்பளக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை.
- சிபில் போன்ற நிறுவனங்கள் கடன் விவரங்களைக் குறைந்தது 7 வருஷம் வைத்திருக்க வேண்டும். 3 வருஷம் முடிந்தது என்பதற்காக ரிப்போர்ட்டில் எதுவும் மாறாது. வீட்டுக் கடனுக்குப் போகும்போது இது முன்னால் வந்து நிற்கும்.
- வங்கி "ரைட்-ஆஃப்" செய்துவிட்டது என்றால் தள்ளுபடி என்று அர்த்தம் இல்லை. அது அவர்கள் கணக்குப் புத்தகத்துக்கு மட்டும். வசூல் தொடரும்.
- கடனை ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டால் புதுசா 3 வருஷம் வராது. வாங்கியவர் வங்கி இருந்த அதே இடத்திலிருந்துதான் ஓட வேண்டும்.
- மரியாதையாகப் பேசி, உண்மையைச் சொல்லிப் பணம் கேட்க அவர்களுக்குத் தடை இல்லை. மிரட்டத்தான் தடை.

சம்மன் வந்தா தூக்கிப் போடாதீங்க

"கேஸ் லிமிடேஷன்ல அடிபட்டுடும்" என்று நம்பி கோர்ட்டுக்கே போகாமல் இருப்பதுதான் இந்தக் கதையிலேயே ரொம்ப விலை அதிகமான தவறு. தள்ளுபடி செய்ய வேண்டியது கோர்ட்டின் கடமைதான். ஆனா வங்கி ஒரு பழைய ரிவைவல் லெட்டரைக் காட்டினால், அது சரியா தப்பா என்று சொல்ல அங்கே யாராவது இருக்கணுமே?

நீங்கள் போகாவிட்டால் எக்ஸ்-பார்ட்டி டிக்ரி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. டிக்ரி கையில் வந்துவிட்டால் அதை நிறைவேற்ற வங்கிக்கு 12 வருஷம். 3 வருஷக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

அந்த 12 வருஷத்தில் சம்பளத்தில் கை வைக்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி, இந்த மாதிரி டிக்ரியில் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் ரெண்டு பங்கும் பாதுகாப்பானது. கணக்கில் எடுக்கும் சம்பளம் 40,000 என்றால், 1,000 + 26,000 = 27,000 உங்களுக்கு. மாதம் 13,000 வரை பிடிக்க கோர்ட் உங்க கம்பெனிக்கு உத்தரவு போடலாம். ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம் வரைதான் இப்படிப் பிடிக்க முடியும். பிஎஃப் பணத்தில் கை வைக்க முடியாது.

ஞாபகம் வைக்க வேண்டிய நாட்கள்:

- சாதாரண வழக்கு: சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதில் மனு. காரணம் காட்டினால் கோர்ட் 90 நாள் வரை அனுமதிக்கலாம்.
- சம்மரி சூட் என்ற விரைவு வழக்கு: சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராகும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். 10 நாள்தான்!
- எக்ஸ்-பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யக் கேட்க: டிக்ரி தேதியிலிருந்து 30 நாள். சம்மன் சரியாக வந்து சேரவில்லை என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள்.

பழைய முகவரிக்கு சம்மன் போயிருக்கலாம். இ-கோர்ட்ஸ் தளத்திலோ ஆப்பிலோ உங்க பேரையும் அப்பா பேரையும் போட்டு, ஊர் கோர்ட்டில் வழக்கு இருக்கிறதா என்று தேடுங்க. அஞ்சு நிமிஷ வேலை, காசு கிடையாது.

லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டு நோட்டீஸ் வந்தால், போகலாம், பேசலாம், வட்டியைக் குறைக்கக் கேட்கலாம். ஆனா அங்கே சமரசத்தில் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் டிக்ரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் ஒத்துக்கோங்க.

இப்போ உங்க கெடு: வசூல் தொல்லைக்கு எதிராக

முதலில் எது எல்லை மீறல்? ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் விட்ட சுற்றறிக்கை தெளிவா சொல்லுது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக போன் செய்யக் கூடாது. மிரட்டல், கெட்ட வார்த்தை, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது, குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்களின் தனிமையில் நுழைவது, மொபைலிலோ சமூக வலைதளத்திலோ தகாத மெசேஜ் அனுப்புவது, பொய்யான தகவல் சொல்வது எதுவும் கூடாது. ஏஜென்ட் தப்பு செய்தால் வங்கிதான் பொறுப்பு. "அது வெளி ஏஜென்சி சார், எங்களுக்குத் தெரியாது" என்று மேனேஜர் கை கழுவ முடியாது.

"நாளைக்கு போலீஸ் வந்து அரெஸ்ட் பண்ணும்" என்பதும் அந்தப் பொய்த் தகவல்களில் ஒன்று. தவணை கட்டாதது சிவில் விஷயம். ஆனா செக் பவுன்ஸ் ஆவதும், தானியங்கி டெபிட் பணமில்லாமல் திரும்புவதும் கிரிமினல் வழக்காக முடியும். அதைத் தனியாகப் பார்க்கணும்.

இனி கெடுக்கள்:

*வங்கிக்குப் புகார்: உடனே.* எழுத்தில், இமெயிலில் போடுங்க. புகார் எண் வாங்குங்க. மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அஸ்திவாரம்.

*ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன்: 1 வருஷம்.* 2021-ல் வந்த ஒருங்கிணைந்த ஓம்பட்ஸ்மேன் திட்டத்தின்படி, வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தி இல்லாவிட்டால் இங்கே போகலாம். பதில் வந்த நாளிலிருந்து 1 வருஷம். பதிலே வரவில்லை என்றால், நீங்கள் வங்கிக்குப் புகார் கொடுத்த நாளிலிருந்து 1 வருஷம் 30 நாள். உதாரணமா 2025 மார்ச் 10-ல் புகார் கொடுத்து பதில் வரவில்லை என்றால் 2026 ஏப்ரல் 9 வரை. நஷ்டத்துக்கு 20 லட்சம் வரையும், மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் 1 லட்சம் வரையும் இழப்பீடு தர அந்தத் திட்டத்தில் இடம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. உதவி எண் 14448. திட்டத்தின் விதிகளை ரிசர்வ் வங்கி அவ்வப்போது மாற்றும். புகார் போடும் அன்று நடப்பில் உள்ள கெடுவை அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கோங்க.

*நுகர்வோர் ஆணையம்: 2 வருஷம்.* வசூல் தொல்லையை சேவைக் குறைபாடாகக் காட்டி, சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் வழக்குப் போடணும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

*அவதூறுக்கு இழப்பீடு கேட்டு சிவில் வழக்கு: 1 வருஷம்.* ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் உங்க போட்டோவைப் போட்டு "ஏமாற்றுக்காரன்" என்று எழுதினார்கள் என்றால், வெளியான நாளிலிருந்து ஒரே வருஷம். வாயால் சொன்னாலும் ஒரு வருஷம்தான். வங்கிக்கு 3 வருஷம் கொடுத்த அதே சட்டம் இதற்கு 1 வருஷம்தான் தருகிறது.

*மிரட்டலுக்கு கிரிமினல் புகார்: 3 வருஷம்.* சாதாரண மிரட்டலுக்கு 2 வருஷம் வரை சிறை என்பதால், கோர்ட் அதை விசாரணைக்கு எடுக்க 3 வருஷக் கெடு. கொலை மிரட்டலுக்கு தண்டனை அதிகம், அதற்கு இந்தக் கெடு கிடையாது. ஆனா போலீஸ் புகாரை மூணு வருஷம் தள்ளிப் போட்டால் யார் நம்புவார்கள்? அன்றைக்கே கொடுக்கணும்.

இதில் ரெண்டு பொறி இருக்கு. ஒன்று, வங்கிக்குத் திரும்பத் திரும்ப லெட்டர் போட்டுக்கொண்டே இருப்பதால் உங்க கெடு நீளாது. மேனேஜர் "பார்க்கிறோம் சார்" என்று சொல்லும் ஒவ்வொரு மாதமும் உங்க கணக்கில்தான் கழியும். ரெண்டு, கோர்ட்டிலோ நுகர்வோர் ஆணையத்திலோ வழக்கு இருக்கும்போது அதே விஷயத்துக்கு ஓம்பட்ஸ்மேனிடம் போக முடியாது. அதனால வரிசை முக்கியம்: வங்கி, பிறகு ஓம்பட்ஸ்மேன், தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம்.

ஆதாரம் இல்லாமல் எந்தக் கெடுவும் உதவாது. கால் லாக் ஸ்கிரீன்ஷாட், மெசேஜ், தேதி நேரத்தோடு ஒரு சின்ன நோட்டு, நேரில் வந்தால் ஏஜென்ட்டின் அடையாள அட்டை மற்றும் வங்கி கொடுத்த அனுமதிக் கடிதத்தின் போட்டோ. ரெண்டும் இல்லாமல் வருகிறவரிடம் ஒரு பேச்சும் வேண்டாம்.

அமெரிக்க வீடியோ பார்த்துக் குழம்பாதீங்க

ஸ்டூடன்ட் லோன் என்று தேடினால் அமெரிக்க வீடியோக்கள்தான் முதலில் வரும். அங்கே வசூல் ஏஜென்சியின் அத்துமீறலுக்கு எதிராக மத்தியச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட 1 வருஷம்தான். அதுவும் அத்துமீறல் நடந்த நாளிலிருந்து, உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து அல்ல என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. தனியார் கல்விக் கடனுக்கு மாநிலத்துக்கு மாநிலம் கெடு மாறும். மத்திய அரசு தரும் மாணவர் கடனை வசூலிக்க 1991-லிருந்து காலக்கெடுவே கிடையாது! அந்த விதி எதுவும் திருச்சி கிளையில் வாங்கிய கடனுக்குப் பொருந்தாது. இந்திய வங்கிக் கடனில் அமெரிக்காவில் படித்தாலும், நீங்கள் பார்க்க வேண்டியது இந்தியச் சட்டம்.

சரி, இப்போ நான் என்ன பண்ணணும்?

1. லோன் ஒப்பந்தம், கணக்கு ஸ்டேட்மென்ட், நீங்களும் பெற்றோரும் கையெழுத்துப் போட்ட எல்லாக் காகிதங்களின் நகலையும் வங்கியிடம் கேளுங்க. கேட்கும் கடிதத்தில் "நான் கட்ட வேண்டிய பாக்கி" என்று எழுத வேண்டாம். "மேற்கண்ட எண்ணுள்ள கணக்கின் ஆவணங்கள்" என்று எழுதினால் போதும்.
2. ஒரு பேப்பரில் தேதிகளை வரிசையாக எழுதுங்க: தவணை ஆரம்பம், கடைசியாகக் கட்டியது, ரீகால் நோட்டீஸ், யார் எப்போது எதில் கையெழுத்துப் போட்டது. 2022-க்கு முந்தையது என்றால் கொரோனா நாட்களைச் சேருங்க.
3. கெடு முடியவில்லை, கையில் சம்பளம் இருக்கிறது என்றால், வங்கியுடன் பேசித் தவணையை மாற்றி அமைத்துக் கட்டுவதுதான் என் சிபாரிசு. வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்போது கெடு முடியக் காத்திருப்பது சூதாட்டம். அந்த ஆட்டத்தில் பந்தயமாக வைப்பது உங்க வீட்டுக் கடனையும் அப்பாவின் நிம்மதியையும்.
4. செட்டில்மென்ட் பேசினால், எவ்வளவு, எப்போது, கட்டிய பிறகு நோ டியூஸ் சான்றிதழ் எத்தனை நாளில் என்பது வங்கியின் லெட்டர்ஹெட்டில் வந்த பிறகு கட்டுங்க. ரிப்போர்ட்டில் "செட்டில்ட்" என்று வரும், "க்ளோஸ்ட்" என்று வராது என்பதும் தெரிந்திருக்கட்டும்.
5. கெடு முடிந்திருக்கலாம் என்று தோன்றினால், கையெழுத்துக்கும் பணத்துக்கும் முன்னால் ஒரு வக்கீலிடம் அந்தத் தேதிப் பட்டியலைக் காட்டுங்க. செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.
6. தொல்லை நடந்தால், அன்றைக்கே வங்கிக்கு இமெயில். 31-ஆம் நாளுக்கு போன் காலண்டரில் ரிமைண்டர். அடுத்து, சம்பவத் தேதியிலிருந்து 11-ஆம் மாதத்துக்கு இன்னொரு ரிமைண்டர்.

இது எல்லோருக்குமான பொது விளக்கம். உங்க ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு வரி கணக்கை மாற்றிவிடலாம், அதனால கடைசி முடிவை உங்க காகிதங்களை வைத்துத்தான் எடுக்கணும். செட்டில்மென்ட் கடிதத்தில் என்னென்ன வரிகள் இருக்கணும் என்பதை ஒரு மாதிரிக் கடிதத்தோட அடுத்த வீடியோல காட்டுறேன். கோ-பாரோயரா இருக்கிற உங்க அப்பா அம்மாவுக்கும் இந்தப் பதிவை அனுப்பி வைங்க. உங்களை விட அவங்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும்.